வடக்குச் சுவரில் ஒன்றரை அடி

ஏப்ரல் 11, 1972. செவ்வாய்.

மழை நின்று இரண்டு நாள் ஆகிறது. மாடிப்படி மூலையில் இன்னும் சொட்டுகிறது. வாளி போதவில்லை, அண்டாவை வைத்தேன். மூன்றாவது முகட்டுக்கும் நான்காவது முகட்டுக்கும் நடுவில் இருக்கிற ஈயத் தகடு கிழிந்துவிட்டது. நானூறு வருஷத்துக்கு முந்தைய ட்யூடர் ராஜாக்கள் காலத்து வீடு மாதிரி வேண்டுமென்றால் முகப்பில் ஐந்து முக்கோண முகடு இருந்தே ஆகவேண்டும் என்று தாத்தாவுக்கு யாரோ ஓதியிருக்கிறார்கள். பர்மிங்ஹாமில் வெங்காய ஊறுகாய் போட்டு விற்ற மனுஷருக்கு ராஜா ஆசை. ஐந்து முகடு, நான்கு பள்ளம், நான்கு ஒழுக்கு. குடியிருப்பதோ நானும் அண்ணன் க்ளெமும் மட்டும்.

பதினொரு மணிக்கு க்ளெம் கேட்டிலிருந்து தபாலை எடுத்துவந்தான். கவுன்சிலிலிருந்து ஒரு பழுப்பு உறை. ஆல்டன்ஹோப் கிராமத்தைச் சுற்றிப் புதுச் சாலை போடப் போகிறார்களாம். வரைபடமும் வைத்திருக்கிறார்கள். சிவப்புக் கோடு எங்கள் சமையலறை வழியாக உள்ளே வந்து, கூடத்துக் கணப்பு வழியாக வெளியே போகிறது. போகிற லாரிக்கெல்லாம் டீ போட்டுக் கொடு என்று எழுதாததுதான் பாக்கி.

"என்ன லெட்டர்?" என்றான்.

"ஒண்ணுமில்ல. குப்பை வண்டி வர்ற நேரத்தை மாத்துறாங்களாம்."

பொய் சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல?

ஏப்ரல் 12

எனக்காகக் கவலையில்லை. அறுபத்தொரு வயது. ஒரு அறை, ஒரு கேஸ் அடுப்பு, ஜன்னலோரம் ஒரு மேசை கொடுத்தால் எங்கே வேண்டுமானாலும் கிடப்பேன். க்ளெம்?

ராணுவத்தில் கேப்டனாகப் போனவன், 1945 நவம்பரில் ஜப்பான்காரர்களின் கைதி முகாமிலிருந்து எலும்பும் தோலுமாக வந்து இறங்கினான். அன்று கேட்டுக்குள் நுழைந்தவன்தான். அதைத் தாண்டி ஒரு அடி வைத்ததில்லை. பல் பிடுங்க டாக்டர் வீட்டுக்கு வந்தார். அம்மாவை அடக்கம் செய்த அன்று கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான், வண்டி கண்ணுக்கு மறையும் வரைக்கும்.

ஒரே ஒரு முறை முகாமைப் பற்றிப் பேசியிருக்கிறான். கைதிகளை வைத்து பர்மா ரயில் பாதை போட்ட மூன்று வருஷமும் தினம் இந்த வீட்டுக்குள் நடந்தானாம், மனசால். வாசல் கதவு, மிதியடி, இடப்பக்கம் குடைக்கூடை, கூடம், கணப்பு, கணப்புக்கு மேலே செதுக்கியிருக்கிற மூன்று வெங்காயம் (தாத்தாவின் குலச் சின்னம்!), பிறகு சுவர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக எண்ணுவது. எண்ணிக்கை தப்பினால் மறுபடி வாசலிலிருந்து. "அதனாலதான் பொழச்சேன்" என்று சொல்லிவிட்டு ரொட்டியில் வெண்ணெய் தடவினான்.

அந்த வீட்டின் மேல்தான் சாலை போடுகிறார்கள்.

ஏப்ரல் 18

வக்கீலுக்கு எழுதியதற்குப் பதில் வந்தது. பழங்கட்டடப் பட்டியலில் வீடு சேர்ந்தால் சாலை சுற்றித்தான் போக வேண்டுமாம். பட்டியலில் சேர்க்கலாமா என்று பார்க்க ஆய்வாளர் ஒருவர் வருவார். மற்றபடி ஒரு வழியும் இல்லை.

க்ளெமிடம் சொல்லிவிட்டேன். மறைத்துப் பிரயோஜனமில்லை, உறையைப் பார்த்தபோதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கோபப்படவில்லை. கோப்பையை மட்டும் கீழே வைத்தான்.

"நம்ம வீடு பழசுதானே?"

"1910, க்ளெம். என்னைவிட ஒரு வயசு மூப்பு."

"நீ பழசுதானே?"

சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு சமையலறைக்குப் போய் அழுதேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் வசதியாகப் போயிற்று.

ஏப்ரல் 26. புதன்

ஈயத்தகடு வைக்க ப்ரீஸ் வந்தார். தச்சு, கூரை, சவப்பெட்டி எல்லாம் இந்த ஊரில் அவர்தான். கிராமக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். கை சுத்தம். வாய்தான் சுத்தமில்லை. கூரை மேலிருந்து கத்துகிறார்:

"மிஸ் தர்ஸா! இந்த வெளி உத்தரம் இருக்கே, ஒரு அங்குலப் பலகை! செங்கல்லு மேல ஆணி அடிச்சு ஒட்டியிருக்காங்க! கறுப்பு பெயின்டை எடுத்தா வீடே மீசை எடுத்த மாதிரி ஆயிடும்!"

"தெரியும், ப்ரீஸ். தகட்டைப் பாருங்க."

"ஊறுகாய் அரண்மனைக்கு அஞ்சு முகடு. எங்க ஊருக்கு ஒத்தத் தகரக் கொட்டகை. அறுப்புப் பண்டிகைச் சாப்பாட்டுல மழை பேஞ்சா பாதிரியார் பேசுறதே கேக்காது. அது ஒண்ணுதான் லாபம்."

இறங்கி வந்து டீ குடிக்கும்போது மறுபடி அதே கதை. 1908 வரைக்கும் ஊருக்குச் சொந்தமாகச் சர்ச் கூடம் என்று ஒன்று இருந்ததாம். நானூறு வருஷத்துக் கட்டடம். கல்யாணம், கருமாதி, விருந்து எல்லாம் அங்கேதான். உத்தரம் உளுத்துவிட்டது, தலையில் விழும் என்று பிரித்து விறகுக்கு விற்றுவிட்டார்கள்.

"எங்க தாத்தா எட்வின் ப்ரீஸ்தான் ஏறிப் பாத்தாரு. பூரா மாவாப் போச்சுன்னாரு. அவரு சொன்னா சொன்னதுதான். மரத்தைப் பத்தி அவரு வாயில பொய் வந்ததே கிடையாது."

தகட்டை நன்றாகத்தான் வைத்திருக்கிறார். ஒழுகவில்லை.

மே 9. செவ்வாய்

ஆய்வாளர் வந்து போனார். மிஸஸ் லம்லி. நாற்பத்தைந்து வயது இருக்கும், ஆண்பிள்ளைச் செருப்பு, கையில் டார்ச். கடுகடுவென்று யாராவது வருவார்கள் என்று சண்டைக்குத் தயாராக இருந்தேன். அநியாயத்துக்கு நல்லவராக இருந்தார்.

எல்லாவற்றையும் காட்டினேன். முறுக்கு முறுக்காகச் செங்கல் அடுக்கிய புகைபோக்கி. ஈயப்பட்டை போட்ட வைரக்கட்டக் கண்ணாடி ஜன்னல்கள். கூடத்துக் கூரையில் சுண்ணாம்பில் செய்த ரோஜாக்கள். கூடத்துக்கு மேலே இசைக்காரர்கள் உட்கார ஒரு மாடம். ஒரு இசைக்காரரும் வந்ததில்லை, தாத்தா அங்கே கிராமபோன் வைத்திருந்தார். அந்தக் காலத்தில் அரசாங்க ஆட்களுக்குப் பயந்து பாதிரியார்கள் ஒளிந்துகொள்ள வைத்த பொந்து மாதிரியே ஒரு பொந்து. அதில் துடைப்பம் இருக்கிறது. எல்லாவற்றையும்விட அழகு கூடத்து வடக்குச் சுவரின் பலகைகள்தான் — துணியை மடித்து மடித்துத் தொங்கவிட்டது போல ஓக் மரத்தில் செதுக்கியது. லம்லி அதை விரலால் தடவிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார்.

"ரொம்ப நல்ல வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு, ஒம்பது இருக்கும். மேல உத்தரத்துல வடு வடுவா இருக்கு பாருங்க, புது மரத்தைச் சங்கிலியால அடிச்சுப் பழசாக்கியிருக்காங்க. அப்ப அது ஒரு வழக்கம்."

"அப்ப பொய்னு சொல்றீங்க."

"பொய்னு சொல்லமாட்டேன். ஆசைன்னு சொல்வேன். ஆனா ஆசையைப் பட்டியல்ல சேர்க்க முடியாது, மிஸ் ஹாட்னாக்."

போகும்போது, அளவு எடுத்த படம் ஒன்று போட்டு அனுப்பினால் கோப்பில் வைக்கிறேன் என்றார். சாகப்போகிறவனைப் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்கிற மாதிரி. க்ளெம் மாடத்தின் மரத்தட்டிக்குப் பின்னால் நின்று எல்லாம் கேட்டிருக்கிறான். ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றான்.

மே 10

சாப்பிடவில்லை.

மே 13

டீயும் பிஸ்கட்டும். பலகைகளுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். உதடு அசைகிறது. எண்ணுகிறான்.

மே 15. திங்கள்

சும்மா உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும். யுத்த காலத்தில் வரைபட அலுவலகத்தில் நான்கு வருஷம் கோடு போட்டவள் நான். அளக்கத் தொடங்கினேன். லம்லி கேட்ட படத்தைப் போடுகிறேன், கோப்பில் கிடக்கட்டும்.

மே 19

சனியன் பிடித்த டேப். மூன்று முறை அளந்தேன். வெளியே கிழக்கு மேற்காக எழுபத்தெட்டு அடி, தெற்கு வடக்காக நாற்பத்தொன்று. தெற்கு வடக்கில் உள்ளே எல்லா அறைகளையும் சுவர்களையும் கூட்டினால் முப்பத்தொன்பதரைதான் வருகிறது. ஒன்றரை அடி எங்கே போயிற்று? கண்ணாடி மாற்ற வேண்டும். இல்லை, மூளையை மாற்ற வேண்டும்.

பென்சிலை வீசியெறிந்தேன். க்ளெம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டான்:

"ஒன்றரை அடியா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வடக்குச் சுவர். வெளிய சுத்தி நடந்தா அரை எட்டு கூட வரும், உள்ள நடந்தா வராது. அங்க ஒரு மழைக்காலம் பூரா அதை வச்சே ஓட்டினேன். நான்தான் தப்பா ஞாபகம் வச்சிருக்கேன்னு நெனச்சேன்."

"வந்தப்புறம் அளந்து பாக்கலியா?"

"அளந்து, சரியாயிருந்துச்சுன்னா?"

அப்படியென்றால் அங்கே அவன் நடந்த வீடு வேறு, இது வேறு என்று ஆகியிருக்கும். இருபத்தேழு வருஷம் அதற்குப் பயந்து டேப்பைத் தொடாமல் இருந்திருக்கிறான். "சரியா இல்லடா, சரியாவே இல்ல" என்றேன். அவன் முகத்தில் இத்தனை நாள் கழித்து ரத்தம் ஓடியது. இரண்டு முட்டை சாப்பிட்டான்.

மே 26. வெள்ளி

எழுதவே கை வரவில்லை. ஒழுங்காக வரிசையாக எழுது, தர்ஸா.

ப்ரீஸ் காலையில் வந்தார். பலகையைக் கழற்ற வேண்டும் என்றதும், "இடிக்கப் போற வீட்டுல எதுக்கு மிஸ் பூப்போலக் கழட்டணும்?" என்றார். க்ளெம் பக்கத்தில் நின்றதைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு, "கழட்டலாம் கேப்டன், ஒரு கீறல் விழாமக் கழட்டித் தரேன்" என்றார்.

முதல் பலகை வந்தது. உள்ளே இருட்டு, முழங்கை நீளத்துக்கு இடம். தூசி. இரண்டாவது, மூன்றாவது. டார்ச் அடித்தேன்.

அங்கே வேறொரு சுவர் நின்றுகொண்டிருந்தது. ஓக் தூண்கள், ஒவ்வொன்றும் என் இடுப்பு அகலம். கறுப்பு இல்லை, மழையில் நனைந்து காய்ந்த வேலிக் கம்பு மாதிரி சாம்பல் நிறம். ஒரு கோடு நேராக இல்லை. மரம் வளைந்த இடத்தில் வேலையும் வளைந்திருந்தது. நெஞ்சு உயரத்தில் நீளமாக ஒரு உத்தரம். அதில் வரிசையாகத் தடித்த மர முளைகள், பதினேழு. ஒவ்வொரு முளைக்கும் மேலே இரும்பால் சுட்டு வைத்த ஒரு குறி. மீன். ஏர். மூன்று கோடு. அரிவாள்.

"இது டாலி வீட்டுக் குறி," என்றார் ப்ரீஸ். குரல் மாறிவிட்டது. "ஏர் போட்டிருக்கா, அவங்கதான். மீன், மில்லுக்காரங்க, கௌஃப் வீடு. இன்னிக்கும் மண்வெட்டிக் காம்புல இதைத்தான் சுடுவாங்க." அடுத்ததைப் பார்த்து நிறுத்திவிட்டார். இரட்டைக் குறுக்குக் கட்டை போட்ட சிலுவை. அவர் கையில் இருந்த உளியின் பிடியிலும் அதே சிலுவை.

விருந்து அன்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் முளையில் தொப்பியையும் குவளையையும் மாட்டுவார்களாம், சர்ச் கூடத்தில். ப்ரீஸ் சின்ன வயதில் கேட்ட கதை.

தூணில் கத்தியை வைத்து அழுத்திப் பார்த்தார். முனைகூட இறங்கவில்லை. இரும்பு. மாவும் இல்லை, உளுப்பும் இல்லை.

பிறகு தூணின் பக்கவாட்டில் பார்த்தோம். பிரித்த தூண்களை மறுபடி வரிசையாக நிறுத்துவதற்காகத் தச்சர்கள் எண் வெட்டி வைப்பார்கள். பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு எண். அதற்குக் கீழே, அழகான கையெழுத்தில் உளியால் வெட்டியிருந்தது: எட்வின் ப்ரீஸ், 1908.

ப்ரீஸ் கருவிப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். பேயறைந்தவர் போல இருந்தார். நான் பிராந்தி கொண்டுவந்து மூன்று பேருக்கும் ஊற்றினேன்.

"கிழவன் பொய் சொல்லியிருக்கான்," என்றார் கடைசியில். "நல்ல மரத்தை உளுத்துப்போச்சுன்னு சொல்லி, விறகு விலைக்கு உங்க தாத்தாவுக்கு வாங்கிக் கொடுத்திருக்கான்."

"எங்க தாத்தாதான் சொல்லச் சொல்லியிருப்பார்," என்றேன். வேறென்ன சமாதானம் சொல்வது?

மே 27

தாத்தாவை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. சரி, திருடினார். ஊர்க்காரர்கள் கண்ணில் படாமல் மறைக்க வேண்டும், புரிகிறது. ஆனால் அது மட்டும்தானா? கையில் அசல் இருந்திருக்கிறது. நானூறு வருஷத்து அசல். கோணலும் புகையும் ஊர்க்காரர்களின் கிறுக்கலுமாக இருந்ததால், அது அவருக்குப் போதுமான அளவு பழசாகத் தெரியவில்லை! அதை மூடி, அதன் மேல் புதுப் பலகையைச் செதுக்கி மாட்டி, புது உத்தரத்தைச் சங்கிலியால் அடித்து — ஐயோ, தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மே 29

ப்ரீஸ் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். இந்த மனுஷரா கூரையிலிருந்து கத்தியவர்?

"மிஸ் தர்ஸா, பலகையை மறுபடி மாட்டிடலாமா? நான் யார்ட்டயும் சொல்லல. எங்க அப்பா, நான், ரெண்டு தலைமுறையா அந்தக் கிழவன் பேரைச் சொல்லித்தான் இந்த ஊர்ல வேலை செய்யறோம்."

"மாட்டினா வீடு போயிடும், ப்ரீஸ்."

"தெரியும். அதான் கேக்கவே கூச்சமா இருக்கு."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் எனக்கும் மூடிவிடலாமா என்றுதான் இருக்கிறது, வேறு காரணத்துக்காக. விஷயம் வெளியே தெரிந்தால் இந்தக் கூடம் ஊருடையது. சட்டப்படி இல்லை, நியாயப்படி. வருவார்கள். வரத்தான் செய்வார்கள். 1953-இல் ராணி முடிசூடிய அன்று அம்மா முப்பது பேரை விருந்துக்குக் கூப்பிட்டாள். க்ளெம் அந்தத் துடைப்பப் பொந்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் வெளியே வரவில்லை. வந்தபோது என்னை அடையாளம் தெரியவில்லை.

மூடினால் அவன் வீடு போகிறது. திறந்தால் அவன் நிம்மதி போகிறது. நான் என்ன செய்ய?

ஜூன் 2

மூன்று பலகையும் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. ஒரு முடிவுக்கும் வராமல் அவற்றுக்குத் தூசி துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 4. ஞாயிறு

க்ளெம் காலையில் தானே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, "ப்ரீஸைக் கூப்பிடு" என்றான். சர்ச்சிலிருந்து திரும்புகிறவரை வழியில் பிடித்து அழைத்துவந்தேன்.

"அந்த லம்லி அம்மாவுக்கு லெட்டர் போடு, தர்ஸா."

"யோசிச்சியா? ஊரே வரும், க்ளெம். நம்ம கூடத்துக்கு. வருஷா வருஷம்."

"அவங்க சாமான் நம்ம சுவத்துக்குள்ள இருக்கு."

"உனக்கு ஆகாதுடா! அம்மா வச்ச விருந்து ஞாபகம் இருக்கா? உன்னைத் திரும்ப அப்படிப் பாக்க என்னால முடியாது, சொல்லிட்டேன்!"

கத்திவிட்டேன். ப்ரீஸ் முன்னால். க்ளெம் கத்தவில்லை.

"அங்க ஒருத்தன் இருந்தான். மத்தவங்க அரிசியில கைப்பிடி கைப்பிடியா எடுத்துப் படுக்கைக்குக் கீழ ஒளிச்சு வச்சான். வெளிய எடுத்துக் கொடுக்கவும் பயம், தின்னவும் முடியல. புழு வச்சுப்போச்சு. யாருன்னு கேக்காத."

ப்ரீஸ் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, "புதன்கிழமை கமிட்டி கூடுது. நானே சொல்லிடறேன், கேப்டன். எங்க கிழவனைப் பத்தி எங்க வாயால வரட்டும்" என்றார். க்ளெம் அவருக்குக் கை கொடுத்தான். வீட்டுக்கு வெளியே உள்ள மனிதர் ஒருவருக்கு அவன் கை கொடுத்து எத்தனை காலமாயிற்று, எனக்கு நினைவில்லை.

ஜூன் 8

கமிட்டியில் ப்ரீஸ் சொல்லிவிட்டாராம். மளிகைக் கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. டாலி வீட்டு அம்மா என் கூடையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"எங்க ஏர் இருக்காமே உங்க வீட்டுல?"

"இருக்கு. நாலாவது முளை."

"எங்க மாமனார் சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தாரு. நாங்க கிழத்துக்கு மூளை கலங்கிடுச்சுன்னு சிரிச்சோம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அந்த முட்டைக்கோஸை எடுக்காதீங்க, பழசு. உள்ள புதுசு இருக்கு" என்றாள்.

ஜூன் 20. செவ்வாய்

மிஸஸ் லம்லி மூன்று மணி நேரம் ஏணி மேலேயே இருந்தார். தலையெல்லாம் ஒட்டடை. இறங்கி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். 1520-க்கு முன்பின் இருக்குமாம். பழைய கூடத்தின் மரச்சட்டம் முழுசாக இருக்கிறதாம், நான்கு பக்கமும்; வடக்கில் மட்டும் இடைவெளி விட்டு மூடியிருக்கிறார்கள், மற்ற மூன்று பக்கமும் சாந்துக்குள் புதைந்திருக்கிறது. வீட்டோடு சேர்த்துத்தான் பட்டியலில் வருமாம், ஏனென்றால் இப்போது வீட்டைத் தாங்கி நிற்பதே அதுதான்.

"பலகையையும் தூக்கிப் போட்டுடாதீங்க. அதுவும் இப்ப இந்தக் கதையில சேத்திதான்."

கணப்பு மேல் இருக்கிற வெங்காயத்தைக்கூடப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

ஜூலை 27

வீடு பட்டியலில் சேர்ந்துவிட்டது. சாலை ஆற்றோரப் புல்வெளி வழியாகப் போகும். கடிதத்தை க்ளெமிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்து, மடித்து, கணப்பு மேல் வைத்தான். "அப்ப சரி" என்றான். அவ்வளவுதான். நான்தான் சமையலறையில் நின்று ஆடாத குறை.

செப்டம்பர் 10. ஞாயிறு

நினைத்தது வந்தது. முந்தாநாள் ப்ரீஸ் கேட்டார், கமிட்டி சார்பாக, மிகவும் மரியாதையாக: அறுப்புப் பண்டிகைச் சாப்பாட்டைக் கூடத்தில் வைத்துக்கொள்ளலாமா? அக்டோபர் முதல் தேதி, பகல் ஒரு மணி. அறுபது பேர். வேண்டாம் என்றாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் க்ளெம், "வரட்டும்" என்றான். அதற்குப் பிறகு இரண்டு நாளாகப் பேச்சில்லை. பலகைகளை எண்ணுவதும் இல்லை. தோட்டத்தில் நடக்கிறான், கேட்டு வரைக்கும், திரும்ப, கேட்டு வரைக்கும்.

செப்டம்பர் 30

அவனுக்கு மாடியில் கடைசி அறையைத் தயார் செய்துவிட்டேன். தெர்மோஸில் டீ, குளிர்ந்த கோழி, புத்தகம், கதவுக்கு உள்தாழ்ப்பாள். துடைப்பப் பொந்தைப் பூட்டிச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இதைச் செய்திருக்கக் கூடாதோ?

அக்டோபர் 1. ஞாயிறு. மாலை

அறுபத்து மூன்று பேர். கோதுமைக் கதிர்க் கட்டு, பூசணி, ஆப்பிள், பன்றித்தொடை, வீட்டில் போட்ட ஆப்பிள் மது. வடக்குச் சுவரின் மீதிப் பலகைகளையும் ப்ரீஸ் முன்பே கழற்றி வைத்திருந்தார். ஒவ்வொரு வீட்டுக்காரரும் முளைக்கு முன்னால் போய் நின்று குறியைத் தேடி, தொப்பியை மாட்டினார்கள். சில வீடுகள் அற்றுப்போயிருந்தன. அந்த முளைகளில் யாரும் மாட்டவில்லை. பாட்டு ஆரம்பித்தார்கள். கூரையே அதிர்ந்தது. சுண்ணாம்பு ரோஜா ஒன்று பாதிரியாரின் சூப்பில் விழுந்தது.

இரண்டு மணிக்கு ஒரு தட்டில் ஆப்பிள் அப்பம் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அறை திறந்திருந்தது. க்ளெம் இல்லை.

மாடத்தில் இல்லை. குளியலறையில் இல்லை. பொந்து பூட்டித்தான் இருந்தது. ஆனாலும் திறந்து பார்த்தேன். நிலவறை, கரி அறை, கொட்டில். கொல்லைப்புறக் குளம் கண்ணில் பட்டதும் — வேண்டாம், அதை எழுத மாட்டேன். பன்றித்தொடையை அரிந்துகொண்டிருந்த ப்ரீஸிடம் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தியை வைத்தார்.

கேட்டு விரியத் திறந்து கிடந்தது.

அவர் சாலையில் இடப்பக்கம், நான் வலப்பக்கம். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து ப்ரீஸ் கூப்பிட்டார். கையை மெதுவாக ஆட்டினார், ஓடிவராதே என்பது போல. ஓடினேன்.

தகரக் கொட்டகையின் கதவு திறந்திருந்தது. செங்கல்லுக்கு அடியில்தான் எப்போதும் சாவி வைப்பார்களாம். உள்ளே எண்பது நாற்காலி மடித்துச் சுவரோரம் அடுக்கியிருந்தது. நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அதில் க்ளெம், கோட்டு போட்டு, முழங்கால் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தான். பெரிய டீப்பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது.

"அங்க ஒரே சத்தம்," என்றான். "இங்க யாருமே இல்ல. நல்லா இருக்கு."

அரை மைல். நடுவில் ஒரு பாலம், ஒரு வளைவு, நாய் இருக்கிற இரண்டு வீடு. அடிக்கலாமா, கட்டிக்கொள்ளலாமா? கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன், மூக்கெல்லாம் ஒழுக.

ப்ரீஸ்தான் உள்ளே போய் இரண்டு நாற்காலியை விரித்துப் போட்டார். "கேப்டன், எனக்கு ரெண்டு சர்க்கரை" என்றார்.

மூன்று பேரும் டீ குடித்தோம். தகரத்தின் மேல் மழை பிடித்தது. க்ளெம் மேலே பார்த்து, மூன்றாவது தகட்டில் ஆணி போயிருக்கிறது, ஒழுகும் என்றான்.

அக்டோபர் 19. வியாழன்

பன்னிரண்டரைக்குச் சாப்பாடு என்று இருபத்தேழு வருஷமாக இந்த வீட்டில் ஒரு நிமிஷம் முன்பின் ஆனதில்லை. இப்போது மணி ஒன்றே முக்கால். கொட்டகைக் கூரையை ஒட்டிவிட்டு வருகிறேன் என்று காலையில் ப்ரீஸோடு போனவன் இன்னும் வரவில்லை. நேரமாகும் என்று சொல்லிவிட்டாவது போகக் கூடாதா? உருளைக்கிழங்கு கல்லாகிவிட்டது. தட்டை மூடி அடுப்போரம் வைத்திருக்கிறேன். வரட்டும், நன்றாகக் கொடுக்கிறேன்.